வெல்டனின் பங்கு பிஸ்கோத்து

ஒட்டிலியாவின் குடியைக் கெடுத்தது காய்ச்சல் என்று ஊரில் சொல்கிறார்கள். இல்லை, கெடுத்தது நான். யோசனை சொன்னவள் நான்தான்.

ராட்டர்டாமில் கப்பல் ஏறியபோது எங்களில் ஒருவரிடமும் கட்டணத்துக்குக் காசு கிடையாது. பிலடெல்பியாவில் யாராவது எங்களை வேலைக்கு வாங்கிக்கொள்வார்கள், சில வருடம் உழைத்துக் கழிக்க வேண்டும். அதுதான் பேச்சு. பாதி வழிக்கு முன் ஒருவர் செத்தால் அவருடைய கட்டணம் அவரோடு போயிற்று. பாதி தாண்டிச் செத்தால் அதையும் குடும்பமே உழைத்துத் தீர்க்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பசியில் மறந்துபோயிற்று.

ஒட்டிலியாவின் கணவன் வெல்டன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சலில் செத்தான். பக்கத்துப் படுக்கை என்னுடையது. எட்டி அவள் வாயைப் பொத்தினேன்.

"அழாதடி. ஞாயித்துக்கிழமை வாரத்துப் பிஸ்கோத்துப் பங்கு போடுவான். இவன் பங்கையும் வாங்கிட்டு அப்புறம் சொல்லு."

"பொணத்தோட ரெண்டு நாளா அக்கா?"

"உயிரோட இருந்தப்ப மட்டும் ரொம்பப் பேசிட்டானாக்கும். புள்ளையப் பாருடி."

பிள்ளை ரெஜீனாவுக்கு ஏழு வயது. தன் தலைமயிரையே சப்பிக்கொண்டிருந்தாள்.

வெல்டனைப் போர்வையால் மூடினோம். கீழ்த்தட்டில் பாதிப் பேர் அப்படித்தான் கிடந்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. சனிக்கிழமை மாலுமிகள் பாதி வழி வந்தாயிற்று என்று கத்தினார்கள். நானும் கைதட்டினேன், மடச்சி. ஞாயிறன்று அவன் பங்கு பிஸ்கோத்தை வாங்கினோம். ஒட்டிலியா எனக்கும் இரண்டு கொடுத்தாள், தின்றேன். அதற்குப் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

பிலடெல்பியாவில் வாங்க வந்தவர்கள் கப்பலிலேயே ஏறினார்கள். என்னை ஒரு தோல் பட்டறைக்காரர் பேசி முடித்தார். தாயையும் பிள்ளையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள ஒரு விவசாயி சம்மதித்தார், ஐந்து வருடத்துக்கு. ஒட்டிலியா என் கையைப் பிடித்துச் சிரித்தாள். அப்போதுதான் கேப்டன் ஏதோ சொல்ல, துபாஷி எங்கள் பாஷையில் சொன்னான்.

"உன் புருஷன் ஞாயித்துக்கிழமை செத்தான். பாதி தாண்டியாச்சு. அவன் கட்டணத்துக்குப் பொண்ணத் தனியா விக்கணும். பதினெட்டு வயசு வரைக்கும்."

"வெள்ளிக்கிழமையே போயிட்டாருங்க! சத்தியமா!"

"அப்ப ஞாயித்துக்கிழமை பங்கு வாங்கித் தின்னது யாரு, பொணமா?"

வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

"பாத்த சாட்சி இருக்கா?" என்றான் துபாஷி.

ஒட்டிலியா என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் நானும் திருடி. பட்டறைக்காரர் என் பத்திரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. திருடியை எவன் வாங்குவான்? அந்தக் கப்பல் நாற்றத்திலேயே கிடந்து சாக வேண்டியதுதான். எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

ரெஜீனாவை வாங்கியவர் மேற்கே எங்கோ, மூன்று நாள் வண்டிப் பயணம். பிள்ளை துறைமுகம் தாண்டிப் போகும்வரை கத்தினாள். சத்தம் நின்றபின் ஒட்டிலியா என்னிடம் வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"அக்கா, அன்னைக்கு அவளுக்கு ரொம்பப் பசி, இல்ல?"

"ஆமாடி."

"நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றேன்.