பெயர் தொங்காத கயிறு

கிழக்கு வெளுக்கும்போதே அஜ்வாங் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். ஒரு கையில் அரிவாள். மறு கையால் ஆகாயத்தாமரையின் கழுத்தைப் பிடித்து அறுத்து இழுத்தாள். கருத்த வேர் சேற்றோடும் அட்டையோடும் மேலே வந்தது. சாறு பட்ட முழங்கைகள் அரித்தன. சொறிய இன்னொரு கை இல்லை. ஏரி கண்ணுக்கெட்டிய வரை பச்சைப் பாயாகக் கிடந்தது. அந்தப் பாய் ஓரிடத்தில் கிடக்காது. காற்று திரும்பினால் மொத்தமாக நகரும். குறுக்கே இருப்பது படகா ஆளா என்று பார்க்காது.

அதனால் அவள் அறுத்ததைவிடத் திரும்பிப் பார்த்ததே அதிகம்.

முன்பெல்லாம் அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. ஒருத்தி படகின் மூக்கில் நின்று காற்றைப் பார்ப்பாள். மற்றவர்கள் நிம்மதியாகக் குனிந்து அறுப்பார்கள். வெயில் ஏறியதும் எல்லோரும் கரையில் வரிசையாக உட்கார்ந்து, உலர்ந்த தண்டுகளை மூன்று புரியாக்கி, கால் பெருவிரலில் மாட்டிப் பின்னுவார்கள். தண்டு தீரப்போகும்போது ஒருத்தி தலையைத் தூக்காமலே, "கோன்யா" என்பாள். கைகொடு என்று அர்த்தம். கேட்டது யார் என்று பார்க்காமலே பக்கத்தில் இருப்பவள் தன் கட்டிலிருந்து ஒரு தண்டை நீட்டுவாள். நுனியோடு நுனி வைத்து முறுக்கினால் இணைந்த இடம் தெரியாது. கயிறு ஒன்றாக இருந்ததால் கூலியும் ஒன்றாக இருந்தது. காவல் நின்றவளுக்கும் அதே கூலிதான்.

மழை ஓய்ந்த பிறகு ஒரு நாள் கயிறு வாங்கிப் பை செய்யும் முதலாளி ஃபெலிக்ஸ் ஓபுயா கைநிறையச் சின்னச் சின்னக் காகித அட்டைகளோடு வந்தார்.

"வெளிநாட்டுல பை வாங்குறவங்க, இதை யார் பின்னினதுன்னு கேக்குறாங்கம்மா. இனிமே ஆளுக்கொரு கயிறு, ஆளுக்கொரு பேரு. இது உங்களுக்கு மரியாதை."

கூட்டத்தில் வாய் நீளமானவள் அமோலோ. "மரியாதை சரி தம்பி. காத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறவ பேரை எதுல கட்டித் தொங்கவிடுவீங்க?"

"சும்மா நிக்கிறதுக்கு எந்தக் கம்பெனிம்மா கூலி குடுக்கும்?"

"நீங்க நின்னுக்கிட்டுத்தானே இருக்கீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெலிக்ஸும் சிரித்தார். ஆனால் அட்டை வந்தது. கயிறு துண்டு துண்டானது. கூலியும் தேய்ந்தது. படகின் மூக்கில் நிற்க யாரும் வரவில்லை. நின்றால் அன்றைக்கு அவள் பெயரில் கயிறு இருக்காதே.

போன வாரம் காற்று திரும்பியதை யாரும் பார்க்கவில்லை. பச்சைப் பாய் படகைத் தள்ளிக்கொண்டு வந்து துறைக் கல்லில் மோதியது. இரண்டுக்கும் நடுவே, அவர்களோடு அறுத்துக்கொண்டிருந்த அகுதுவின் கை இருந்தது. எலும்பு முறிந்த சத்தம் பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்த அஜ்வாங்குக்குக் கேட்டது. இப்போதும் தண்ணீரில் எது நொறுங்கினாலும் அந்தச் சத்தமாகவே கேட்கிறது.

அகுதுவின் அட்டையை ஃபெலிக்ஸ் எடுத்துவிட்டார். "கை சரியாகட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். அவள் இடத்துக்கு வேறு ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று காலை அவர் கரையில் நின்று அஜ்வாங்கைக் கூப்பிட்டார். ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை கிசுமு ஹோட்டல்ல ஒரு கூட்டம். பருவநிலைக்காகப் போராடுற இளம் தலைவருங்க எல்லா ஊருலேர்ந்தும் வர்றாங்க. ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கிறதுக்கான வலைப்பின்னல் நிகழ்ச்சி. உன்னையும் வளரும் தலைவர்னு சொல்லியிருக்கேன்."

"நானா? எனக்கு நாலு பேர் முன்னால பேச்சே வராதே."

"ரெண்டு வார்த்தை போதும். இந்த ஏரி எனக்கு வாழ்வு குடுத்துச்சு, இந்த வேலை என்னைத் தூக்கி விட்டுச்சு. அவ்வளவுதான்."

அவள் தரையைப் பார்த்தாள். "அகுது அக்காவைத் திரும்பச் சேத்துக்குவீங்களா?"

"நல்லாப் பேசிட்டு வா. அப்புறம் யோசிக்கலாம்."

அந்த 'அப்புறம்' அவளை உட்கார விடவில்லை. அடுப்பில் உகாலிக் களி கிளறும்போதும் கால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. விஷயத்தை அமோலோவிடம் சொன்னாள். 'வலைப்பின்னல்' என்ற சொல் மட்டும் கரை முழுக்க ஓடியது.

"வலை பின்னுற வேலையாம்டீ, ஹோட்டல்ல!"

"மீன் வலையா?"

"எந்த வலையா இருந்தா என்ன? கயிறு பின்னுறவளுக்கு வலை வராதா?"

வெள்ளிக்கிழமை, ஒருத்தியை அழைத்த இடத்துக்கு அத்தனை பேரும் மட்டாட்டு வேன் ஏறி வந்து இறங்கினார்கள். தலையில் தண்டுக் கட்டு. பாதியில் நின்ற கயிற்றுப் பந்துகள். ஹோட்டல் காவலாளி வாயைப் பிளந்தான்.

ஃபெலிக்ஸ் ஓடி வந்தார். "ஐயோ, என்ன இது?"

"வலை பின்ன வந்திருக்கோம்" என்றாள் அமோலோ.

விளங்கியதும் அவருக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஆனால் கெட்டிக்காரர். அவர்களைக் கூடத்தின் மூலையில் பாய் விரித்து உட்காரவைத்து, "இங்கேயே பின்னுங்க. வர்றவங்க பாக்கட்டும்" என்றார். அஜ்வாங் கழுத்தில் மட்டும் ஓர் அட்டை தொங்கியது. அவள் பெயர், கீழே வளரும் தலைவர். கயிற்றில் தொங்கும் அட்டையின் அதே அளவு, அதே நிறம். அவள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

கூடத்தில் இளைஞர்கள் தேநீர்க் கோப்பையோடு சுற்றினார்கள். ஒருவரிடம் பேசும்போதே கண் அடுத்தவரைத் தேடியது. யாரும் ஓரிடத்தில் நிற்கவில்லை, ஏரியில் அந்தப் பாய் நிற்காததுபோல. ஒருவன் அவளிடம் வந்து பெயரைக் கேட்டு, கைகுலுக்கி, அவள் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் நகர்ந்துவிட்டான்.

நிகழ்ச்சியை நடத்த நைரோபியிலிருந்து வைரிமு என்ற பெண் வந்திருந்தாள். கலகலப்பானவள். எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, மூலையிலிருந்து, அட்டை வருவதற்கு முன் எல்லோரும் சேர்ந்து பின்னிய பெரிய கயிற்றுப் பந்தை வாங்கிக்கொண்டாள்.

"இது ஒரு விளையாட்டு. பந்து யார்கிட்ட வருதோ, அவங்க பேரைச் சொல்லி, தனக்கு என்ன உதவி வேணும்னு கேட்டுட்டு, கயித்தைப் பிடிச்சுக்கிட்டே பந்தை அடுத்தவருக்குப் போடணும். கடைசியில நம்ம நடுவுல ஒரு வலை இருக்கும். அப்புறம் நறுக்கி ஆளுக்கொரு துண்டு ஞாபகமா எடுத்துக்கலாம்."

'நறுக்கி' என்றதும் பாயில் பின்னிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

பந்து பறந்தது. ஒருத்திக்கு நிதி வேண்டும். ஒருவனுக்கு வழிகாட்டி வேண்டும். கிசியிலிருந்து வந்த கல்குவாரிப் பையன் ஒமோண்டி, "எங்க ஊரு தூசிக்கு யாராவது வந்து மூச்சு விட்டுப் பாக்கணும்" என்றான். கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பந்தை அஜ்வாங்குக்குப் போட்டான்.

அவள் கைக்கு வந்தபோது பந்து தீர்ந்திருந்தது. உள்ளங்கையில் ஒரு சாண் வால்.

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றாள் வைரிமு.

அத்தனை கண்களும் அவள்மேல். எதிரே ஃபெலிக்ஸ், சொல்லிக்கொடுத்த இரண்டு வார்த்தைகளையும் உதடசைத்துக் காட்டினார். அஜ்வாங்குக்கு எதுவும் வரவில்லை. விரல்கள் மட்டும் தங்கள் பழக்கத்தில் புரியின் நுனியைத் தடவின. தண்டு தீர்ந்துவிட்டது. தண்டு தீர்ந்தால் வாய் தானாகச் சொல்லும்.

"கோன்யா."

மூலையில் இருந்தவர்களும் யோசிக்கவில்லை. பாய் முழுவதும் கைகள் நீண்டன, ஒவ்வொன்றிலும் ஒரு தண்டு. தூரம் எட்டவில்லை என்றதும் எழுந்தார்கள். தலைவர்களின் நடுவே கட்டியிருந்த வலைக்குள் குனிந்து நுழைந்து, கயிற்றைத் தூக்கி, காலை மடக்கித் தாண்டி வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். அமோலோ தன் தண்டை நுனியோடு நுனி வைத்து முறுக்கினாள்.

கூடம் கைதட்டியது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

"கைதட்டாதீங்க." சொன்னது தான்தானா என்று அஜ்வாங்குக்கே சந்தேகமாக இருந்தது. "இந்தக் கயித்துல அகுது அக்கா பின்னினதும் இருக்கு. அவங்க கை ஒடைஞ்சு வீட்டுல கிடக்காங்க. காத்தைப் பாக்க ஒரு ஆள் இருந்தா ஒடைஞ்சிருக்காது. இப்போ அவங்க பேரையே எடுத்துட்டாங்க. என்ன வேணும்னு கேட்டீங்களே... எங்களுக்கு அகுது அக்கா வேணும்."

ஃபெலிக்ஸ் தாழ்ந்த குரலில் சொன்னார். "நியார் செமே, இது அதுக்கான இடமில்ல."

செமேயில் பிறந்தவள் என்று, கரைக்காரர்கள் மட்டும் கூப்பிடும் பெயர் அது. அட்டையில் இல்லாத பெயர். அவள் நிமிர்ந்தாள். "அப்போ எது இடம் ஐயா? கரையில கேட்டா அப்புறம்னீங்க. இங்க கேட்டா இடமில்லங்கிறீங்க."

"மறுபடியும் ஒண்ணாப் பின்னலாம்னு நினைக்காதீங்க. நாளைக்குப் பேரில்லாத கயித்தை நான் எடை போட மாட்டேன். சொல்லிட்டேன்."

"போடாதீங்க" என்றாள் அமோலோ. "பேரு போட்ட கயிறு நாங்க பின்ன மாட்டோம்."

வைரிமு கத்தரிக்கோலோடு திகைத்து நின்றாள். அமோலோ அதை மெல்ல வாங்கி மேசைமேல் வைத்தாள். "வெட்ட வேண்டாம் மகளே. சுத்தி எடுத்துக்கிறோம்."

கயிற்றைச் சுருட்ட நேரமானது. சிலர் வெறுமனே விட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஒமோண்டி மட்டும் எதிர்முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தான். வைரிமு வாசல்வரை பின்னால் வந்தாள். "நாளைக்கு நான் கரைக்கு வரலாமா?"

"வா. பழைய துணி கட்டிக்கிட்டு வா. அட்டை கடிக்கும்" என்றாள் அமோலோ.

மறுநாள் விடியலில் அகுதுவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படகின் மூக்கில் உட்காரவைத்தார்கள். தூளிபோலக் கட்டிய கையோடு அவள் காற்றைப் பார்த்தாள். மற்றவர்கள் குனிந்து அறுத்தார்கள். அஜ்வாங் அன்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் வைரிமு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேரை இழுக்கத் தெரியாமல் சேற்றில் உட்கார்ந்து எழுந்தாள்.

வெயில் ஏறியபின் லாரி வந்தது. ஃபெலிக்ஸ் இறங்கி அட்டைகளைப் பார்த்துப் பெயர் படித்தார். யாரும் தலையைத் தூக்கவில்லை. கயிறு ஒரு கால்விரலிலிருந்து அடுத்த கால்விரலுக்கென்று கரை நெடுக ஓடியது.

"இது யாரோடது?" என்று கத்தினார்.

கைகள் பின்னிக்கொண்டே இருந்தன. அவர் அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். லாரி வெறுமையாகத் திரும்பியது. இன்று அடுப்பு எப்படி எரியும் என்று யாருக்கும் தெரியாது. அவர் வேறு ஆட்களைக் கூட்டிவருவாரா, அதுவும் தெரியாது.

அகுது ஒற்றைக் கையால் பின்னினாள். அவளுடைய இன்னொரு கையாக அஜ்வாங் புரியைப் பிடித்திருந்தாள். தண்டு தீரும் இடம் வந்தது.

"கோன்யா" என்றாள் அகுது, சின்னக் குரலில்.

இரண்டு பக்கமிருந்தும் கைகள் நீண்டன.