நவம்பர் மாதத்துத் திருக்கை

எண்பத்தைந்தாம் ஆண்டு முழுவதும் என் விரல் நுனிகள் கறுத்தே கிடந்தன. திருக்கை மீனின் முதுகு முள்ளில் வளையம் தெரிவதற்காகப் பூசும் வெள்ளி நைத்திரேற்று தோலில் பட்டால் தேசிக்காய்க்கும் போகாது, சவர்க்காரத்துக்கும் போகாது. உரும்பிராயில் மரக்கறி மட்டுமே சமைக்கிற வீடு எங்களுடையது. கிணற்றடியில் குளித்து முடிக்கும்வரை அம்மா என்னைக் குசினிப் பக்கம் விடமாட்டா. "சோமசேகரம் படிச்சுப் படிச்சுக் கடைசியிலை மீன் வெட்டப் போட்டான்" என்று அயலட்டையில் சொல்லிக்கொண்டு திரிந்தா.

சொன்னதில் பிழையில்லை. திருக்கையின் முதுகிலிருந்து நாலைந்து முள்ளந்தண்டெலும்புகளை வெட்டியெடுத்துச் சுடுநீரில் போட்டுச் சதை கழற்றுவேன். காயவைத்து, நெடுக்காக அறுத்து, தேய்த்து, நிறமூட்டி, நுணுக்குக்காட்டியில் வைத்து வளையங்களை எண்ணுவேன். தறித்த மரத்தில் தெரிகிற வளையங்கள் மாதிரித்தான் இருக்கும்.

ஆனால் வளையத்தை எண்ணிவிட்டால் வயது வந்துவிடாது. வருடத்துக்கு ஒரு வளையம்தான் விழுகிறது என்று முதலில் காட்டவேண்டும். இரண்டு விழுந்தால் என் பத்து வயதுத் திருக்கைக்கு ஐந்து வயது, என் மூன்று வருட வேலை குப்பைக்கு. அதைக் காட்டப் பன்னிரண்டு மாதமும் அந்தந்த மாதத்தில் பிடித்த மீன் வேண்டும். எலும்பின் ஓரம் எந்த மாதத்தில் கறுக்கிறதென்று பார்க்கவேண்டும். மாதத்துக்குப் பத்து மீனாவது இல்லாவிட்டால் கணக்கு நிற்காது. வருகிற மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் என் வேலையும் நிலைக்காது.

முள் தந்தவர் குருநகர் மீனவர் சூசைதாசன். ஐம்பது வயது இருக்கும். இறைச்சியைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, முள்ளை மாதாமாதம் சைக்கிளில் கொண்டுவந்து தருவார். ஒவ்வொரு துண்டிலும் தேதி எழுதிய தாளை நூலால் கட்டியிருப்பார். எழுத்து அவருடைய மனைவி அற்புதராணியுடையது. ஒருநாள் நுணுக்குக்காட்டியில் வளையங்களைக் காட்டினேன். அரை மணித்தியாலம் கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவு காலமும் எங்களைவிட மூப்பானதையும் பிடிச்சிருப்பம் போலை" என்றார்.

ஒக்டோபர் கடைசியில் கடலில் இறங்கக் கடற்படை தடை போட்டது. இருந்தும், எனக்கு மிச்சமிருந்த ஒரே மாதமான நவம்பரின் பை நேரத்துக்கு வந்து சேர்ந்தது. பத்து மீனின் முள். சந்தோஷமாகச் சுடுநீரில் போட்டேன். இரண்டாம் நாள் காய்ந்த எலும்புகளைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அன்றே குருநகருக்குச் சைக்கிள் மிதித்தேன். வழியெல்லாம் கொதித்துக்கொண்டு போனேன்.

"சூசையண்ணை, இது கருவாட்டு முள்ளு."

அவர் மறுக்கவில்லை. "ஓம் சேர். கடலுக்கை விடேல்லை. நீங்கள் பாத்துக்கொண்டிருப்பியள் எண்டு, ஆவணியிலை உப்புப் போட்டு வைச்சதிலை எடுத்தனான். எப்ப பிடிச்சாலும் அதின்ரை வயசு அதுதானே?"

வளையத்தைக் காட்டிய நான், மாதம் எதற்கென்று அவருக்கு ஒருநாளும் சொல்லவில்லை. பிழை என்னுடையது. அன்று அப்படி நினைக்கவில்லை. அற்புதராணி கிழிந்த வலை பொத்திக்கொண்டிருக்க, அவவுக்கு முன்னாலேயே கத்தினேன். ஓரம் கறுக்கிற மாதமே நவம்பர்தான் என்று நினைத்திருந்தேன், அது இல்லாவிட்டால் எல்லாமே போச்சு, மூன்று வருடமும் போச்சு என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சைக்கிளில் ஏறியபிறகு இன்னும் ஒன்று சொன்னேன்.

"நவம்பர் முடிய இன்னும் நாலு நாள் கிடக்கு."

போகச் சொல்லவில்லை. போகவேண்டாமென்றும் சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் தேதி விடியச் சூசைதாசன் தனியே வள்ளத்தை இறக்கியிருக்கிறார். கரையில் நின்றவர்களுக்கு வெடிச்சத்தம் கேட்டது. மறுநாள் வள்ளம் அரியாலைப் பக்கம் ஒதுங்கியது. அவர் அதற்குள்ளேதான் கிடந்தார்.

அடக்கத்துக்குப் போனேன். கோயிலில் பின்வரிசை வாங்கில் இருந்தேன். பூசையில் சமாதானம் சொல்லப் பக்கத்தில் இருந்தவர் கையை நீட்டினார். என் கறுத்த விரல்களைக் காற்சட்டைப் பையில் இருந்து எடுக்க முடியவில்லை. அழுகை வரவில்லை. பசித்தது. சேமக்காலையில் குழிக்கு மண் போட்ட நேரமும் பசிதான் இருந்தது. அதற்கு வெட்கப்பட்டேன், ஆனால் அந்த வெட்கமும் யாரோ ஒருவனுடையது மாதிரித் தள்ளியே நின்றது.

நாலாம் நாள் அற்புதராணி ஆய்வுகூடத்துக்கு வந்தா. வெள்ளைச் சேலை. கையில் வழக்கமான பை. உள்ளே ஒரே ஒரு முள், அவித்துச் சதை கழற்றியிருந்தது. நூலில் கட்டிய தாளில் அவவின் எழுத்தில் 28.11.85 என்றிருந்தது.

"வள்ளத்துக்கை கிடந்தது. செத்தவரின்ரை மீனை ஆர் தின்னுறது, கடலிலை எறியுங்கோ எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். நான் முள்ளைக் கழட்டிப்போட்டுத்தான் எறியவிட்டனான்."

முள்ளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"சேருக்கு நவம்பர் இல்லையெண்டு ரண்டு நாளும் இதைத்தான் கதைச்சவர். ஒண்டுதான் பட்டிருக்கு. கணக்குக்குக் காணுமோ சேர்?"

பத்துக்குக் குறைந்தால் கணக்கில் ஒரு மீனும் ஒன்றுமில்லாததும் ஒன்றுதான். அதை நான் எத்தனையோ தரம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

"காணும் அக்கா" என்றேன்.

"அப்ப சரி." வெறும் பையை மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனா.

அன்று பின்னேரமே அறுத்துத் தேய்த்து நிறமூட்டினேன். ஒன்பது வளையம். ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது, நான் நினைத்திருந்தபடியே. சந்தோஷப்படலாம் என்று தெரிந்தது. அட்டவணையில் நவம்பருக்கு நேரே 1 என்று எழுதிவிட்டு, விளக்கை அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் அந்த இடத்தில் பென்சிலை வைத்தார். "மற்ற மாதமெல்லாம் பத்து. நவம்பருக்கு ஒன்றுதானே? இது காணாதே."

"தெரியும் சேர்" என்றேன். "காணும் எண்டு சொல்லிப்போட்டன்."

யாரிடம் என்று கேட்டார்.