அல்லேலூயாவின் பச்சைக் கோடு

பேருந்துப் பணிமனையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் முன் கண்ணை மூடுகிறார் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் 'அல்லேலூயா'தான். சக்கரம் பார்ப்பது அவர் வேலை. இன்னொருவர் நட்டுகளை முறுக்கி வைப்பார். இவர் ஸ்பேனரைப் போட்டு அழுத்திப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் நட்டிலிருந்து சக்கரம் வரை பெயின்டால் ஒரு கோடு இழுப்பார். சோதிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். இவருடையது பச்சை. கோடு இல்லாமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டாது.

ஃபோர்மேனுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. ஞாயிறு காலை ஷிப்ட் மட்டும் வேண்டாம் என்று இவர் ஒருமுறை கேட்டார். அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் காலை ஷிப்ட். கருவிப் பெட்டியில் இருந்த சின்ன வேதப்புத்தகம் ஒருநாள் கிரீஸ் டப்பாவுக்குள் கிடந்தது. துடைத்து எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனார்.

பெரிய பொறுமைசாலி என்று நினைப்பீர்கள். வீட்டில் கேட்டால்தான் தெரியும் லட்சணம். அங்கே விழுங்கியதையெல்லாம் இங்கே வந்து கொட்டுவார். குழம்பில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும், மகள் கணக்கைத் தப்பாகப் போட்டால் நோட்டு பறக்கும்.

"வேலையில ஆட்டுக்குட்டி, வீட்டுக்கு வந்தா சிங்கம்," என்று நேற்று மனைவி சொல்லிவிட்டாள். "இன்னும் ஒரு தடவை எதையாவது எறிஞ்சீங்கன்னா, புள்ளையக் கூட்டிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்." அவள் சொன்னால் செய்கிற ரகம். அந்தப் பயத்தோடுதான் இன்று வேலைக்கு வந்திருந்தார்.

வந்ததும் வராததுமாக ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார். "அல்லேலூயா, பின்னாடி பழைய டயரெல்லாம் கெடக்கு. உன் கர்த்தரையும் துணைக்குக் கூட்டிட்டுப் போய் அடுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

அடுக்கி முடித்து மதியத்துக்கு மேல் திரும்பி வந்தபோது ஒரு வண்டி புறப்படத் தயாராக நின்றது. முன்சக்கரத்தில் ஈரம் காயாத பச்சைக் கோடு. இவர் இழுக்காத கோடு. ஸ்பேனரை வைத்தால் இரண்டு நட்டுகள் சும்மா சுற்றின. உடனே ஓட்டுநரை இறங்கச் சொன்னார். மேலாளர் ஓடி வந்தார்.

"யாரு போட்ட கோடு இது?"

"பச்சைதானே சார், நம்ம அல்லேலூயாதான்," என்றார் ஃபோர்மேன். "கண்ண மூடிக்கிட்டே செக் பண்ணிருப்பாரு."

ஃபோர்மேனின் கட்டைவிரலில் பச்சை பெயின்ட் இருந்தது. அந்தக் கையைப் பிடித்து இழுத்து, நாலு பேர் முன்னால் நாறடித்துவிட வேண்டும் என்று இவருக்கு உடம்பெல்லாம் துடித்தது. சொல்லாமல் விழுங்கவும் முடியாது. ஐம்பது பேர் ஏறுகிற வண்டி. கர்த்தாவே, என் வாயைப் பார்த்துக்கோங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

"நான் டயர் அடுக்கிட்டிருந்தேன் சார். இந்தக் கோடு நான் போடல. ஃபோர்மேன் அண்ணன் கையில பெயின்ட் இருக்கு, பாருங்க. வண்டிக்கு நேரமாச்சேன்னு அவசரத்துல போட்டிருப்பாங்க." குரல் உயரவில்லை.

"பெயின்ட் டப்பாவ எடுத்து வெச்சேன், பட்டிருக்கும். டயரா? நான் எப்பய்யா அடுக்கச் சொன்னேன்?"

காலையில் சிரித்தவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் இவரை அனுப்பிவிட்டார்.

வேலை போகுமோ என்ற கவலை வழியெல்லாம் கூடவே வந்தது. ஆனாலும் ஒரு ஆச்சரியம்: ஃபோர்மேன் மேல் கோபமே இல்லை. சொல்ல வேண்டியதை அங்கேயே, மரியாதையாகச் சொல்லியாயிற்று. வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றும் மிச்சமில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மனைவி கடைக்குப் போயிருந்தாள். பள்ளி விட்டு வந்த மகள் கூடத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். நேரங்கெட்ட நேரத்தில் அப்பாவைப் பார்த்ததும், நோட்டுகளை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அப்பாவுக்குக் கோவம் இல்லடா கண்ணு," என்றார் கதவருகே போய்.

"எறியறதுக்கு முன்னாடி எப்பவும் அப்படித்தாம்ப்பா சொல்லுவீங்க."

அவர் கதவைத் தட்டவில்லை.

"நீ வெளிய வர வேண்டாம்மா. நான் இங்கயே இருக்கேன்," என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தார்.