ராணியைக் கொடுத்து வாங்கிய வாய்தா

என் செஸ் எஞ்சினுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்தது என் மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது. நான் எழுத்தும் எண்ணும் கலந்து என்னமோ ஒரு பெயர் வைத்திருந்தேன். "இது என்னப்பா, லாரி நம்பர் மாதிரி?" என்று கேட்டு அன்றைக்கே மாற்ற வைத்தாள்.

நான் லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். லிஃப்ட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஓடுகிற நிரலை எழுதும் நாலு பேரில் ஒருவன். அங்கே தப்பு செய்யக் கூடாது. கதவு ஒரு நொடி முந்தி மூடினால் யாரோ ஒருவருடைய விரல் போய்விடும். பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறவனுக்கு, தப்பு செய்தாலும் யாருக்கும் வலிக்காத ஒன்று வீட்டில் தேவைப்பட்டது. அப்படித்தான் செஸ் ஆடும் நிரல் ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் வந்து மோதலாம் என்று இணையத்தில் விட்டேன். ஒரு நிமிட ஆட்டம் மட்டும். ஆளுக்கு ஒரு நிமிடம்தான். உன் கடிகாரம் தீர்ந்தால் நீ தோற்றாய்.

மருந்தகத்தில் வேலை பார்த்த என் மனைவி வீடு திரும்ப எட்டு மணி ஆகும். ஆறு மணிக்கு நானும் மகளும் சமையலறை மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவோம். அவள் வீட்டுப்பாடம் செய்கிறேன் என்று பேர் பண்ணுவாள். நான் காய்கறி நறுக்குகிறேன் என்று பேர் பண்ணுவேன்.

அவசரக்குடுக்கை நன்றாகத்தான் ஆடும். ஐம்பது நொடி வரைக்கும் ராஜநடை. அதன் பிறகு, கடிகாரத்தில் பத்து நொடிக்குக் கீழே போனதும், புத்தி பேதலித்துவிடும். ஒரு தடவை அதன் மந்திரி ஒரு மூலையில் மாட்டிக்கொண்டது. தப்ப வழியில்லை. ஒரு மந்திரி போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. மிச்சத்தை வைத்துச் சமன் செய்திருக்கலாம். இது என்ன செய்தது? ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயைக் கொண்டுபோய் எதிராளியின் வாயில் போட்டது. பிறகு இன்னொரு சிப்பாய். பிறகு மூன்றாவது.

"ஆரம்பிச்சாச்சு வள்ளல்!" என்று மகள் நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

மூன்று சிப்பாய்களும் போயின. மந்திரியும் போனது. இப்போது ராஜா வெட்டவெளியில் நின்றது. ராஜாவுக்கே ஆபத்து வந்ததும் அதைத் தள்ளிப்போடக் குதிரையை எறிந்தது, யானையை எறிந்தது, கடைசியில் ராணியையும் தூக்கிக் கொடுத்துவிட்டுச் செத்தது. எதிராளி அரட்டைப் பெட்டியில் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகளைப் போட்டுவிட்டுப் போனான். எனக்கு எரிச்சலாக இருந்தது. மகளுக்குக் கொண்டாட்டம். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டி, எஞ்சின் தானம் செய்த காய்களுக்கெல்லாம் கோடு போட்டுக் கணக்கு வைத்தாள்.

"மந்திரி ஒண்ணுதானே போகப்போகுது? போனா போகட்டும்னு விட வேண்டியதுதானே?" என்று கேட்டாள்.

"நேரம் நிறைய இருந்தா இது ரொம்பத் தூரம் பார்க்கும், குட்டி. பத்து நொடியில மூணு நகர்த்தல் தூரம்தான் பார்க்க முடியும். மூணாவதுல மந்திரி சாகுறது தெரியுது. குறுக்கே ஒரு சிப்பாயை எறிஞ்சா, எதிராளி முதல்ல அதை வெட்டணும். அப்ப மந்திரி சாகுறது நாலாவதுக்குத் தள்ளிப் போயிடும். நாலாவது இதுக்குத் தெரியாது. தெரியலன்னா நடக்காதுன்னு நினைச்சுக்கும்."

"நான் போர்வையை இழுத்து மூடிக்கிட்டா பேய் போயிடும்னு நினைப்பேனே, அது மாதிரியா?"

"அதேதான். இது வாய்தா வாங்குது."

"வாய்தான்னா?"

"கோர்ட்ல, இன்னைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வச்சுக்கலாம்னு கேட்பாங்க. அதுக்குப் பேரு வாய்தா."

சொல்லிவிட்டு நான் சிரித்தேன். இதைப் படிக்கிறவர்களுக்கு எங்கே போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தெரியப் பதினான்கு மாதம் ஆனது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அதே மேஜையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி எனக்கு எதிரில் உட்கார்ந்து பேசினாள். வேறு ஊரில், ரயிலில் நாலு மணி நேரத் தொலைவில், ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்தகத்துக்குத் தலைமைப் பொறுப்பு கிடைத்திருந்தது. போவதாக முடிவு செய்திருந்தாள். அதோடு இன்னொன்றையும் முடிவு செய்திருந்தாள். எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்குக்கூடப் பேச்சு இல்லாமல் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அவள் ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவள் கையெழுத்திலேயே எழுதியது. மருந்துச் சீட்டுக்கு நேர்மாறான, குண்டு குண்டான, தெளிவான எழுத்து.

மகள் அம்மாவோடு போவாள். வாராவாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி வரை அப்பாவோடு. பெரிய விடுமுறையில் பாதி அம்மா, பாதி அப்பா.

"வெள்ளிக்கிழமை நான் கொண்டுவந்து விடுறேன். ஞாயித்துக்கிழமை நீங்க கொண்டுவந்து விடுங்க. பாதிப் பாதி அலைச்சல்" என்றாள்.

எனக்கு அதில் இருந்த மூன்று நாள் கண்ணில் படவில்லை. இல்லாத நாலு நாள்தான் பட்டது. திங்கட்கிழமை ஆறு மணிக்கு நான் அந்த மேஜையில் யாரோடு உட்காருவேன்? முடியாது என்றேன். அவள் ஊர் மாறிப் போனாள். முடிவு வரும் வரைக்கும் மகள் பழைய பள்ளிக்கூடத்திலேயே, என்னோடு இருக்கட்டும் என்று ஆனது. விஷயம் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனது.

என் வக்கீலுக்கு ஒரு பழக்கம். பொய் சொல்லும்போது சரளமாகப் பேசுவார். உண்மையைச் சொல்லும் முன்னால் இருமுவார். அந்தத் தாளைப் படித்துவிட்டு நன்றாக இருமினார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு கையெழுத்துப் போட்டுடுங்க சார். இப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் தானா எழுதித் தர மாட்டாங்க."

"கொஞ்ச நாள் தள்ளிப்போட முடியுமா?" என்று கேட்டேன்.

தள்ளிப்போட முடிந்தது. மூன்று மாதம். அவ்வளவு தாமதத்துக்கு என் மனைவியின் வக்கீல் சும்மா ஒத்துக்கொள்வாரா? அதற்கு விலையாக, அந்த வருஷத்துப் பெரிய விடுமுறை முழுவதையும் அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகளுக்குத் தோசை மாதிரி எதையோ சுட்டுப் போட்டுவிட்டு, பெரிய வெற்றி பெற்றவன் போல உட்கார்ந்திருந்தேன். இன்னும் மூன்று மாதம் இவள் என்னோடுதான். மூன்று மாதத்துக்கு அப்புறம் என்ன என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியாதது நடக்காது.

இரண்டாவது வாய்தா நாலு மாதம். அதற்கு, வார இறுதிகள் எல்லாம் அம்மாவுக்கே உரியவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வார நாட்கள்தான் என் கையில் இருந்தனவே! சனி, ஞாயிறு போனால் என்ன என்று நினைத்தேன். வக்கீல் அன்றைக்கு இருமின இருமலில் எழுத்தர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதன் பிறகு மகள் வெள்ளிக்கிழமை அம்மாவோடு ரயிலேறுவாள், ஞாயிறு ராத்திரி கசங்கிப்போய் வந்து இறங்குவாள். திங்கட்கிழமை வகுப்பில் தூங்கினாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "பொண்ணு இளைச்சுட்டே போறா, கவனிக்கிறீங்களா?" என்று கேட்டார். குழந்தையைப் பார்த்துப் பேசிய ஆலோசகரும் அதையே அறிக்கையில் எழுதினார். மூன்றாவது முறை நீதிமன்றத்துக்குப் போனபோது, அன்றே தீர்ப்பு வந்துவிடும் போலிருந்தது.

"இந்த ஒரு வருஷம் வேணா அவ அங்கயே படிக்கட்டும். தீர்ப்பு மட்டும் இப்ப வேண்டாம்" என்றேன்.

ஆறு மாதம் கிடைத்தது. அதற்கு நான் கொடுத்தது அவளுடைய பள்ளிக்கூடத்தை.

கடைசியில் நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கோபமே இல்லாமல் என்னிடம் கேட்டார். "குழந்தை இப்ப அந்த ஊர்ப் பள்ளியில நல்லாப் படிக்குது. அதனால வார நாள் அம்மாகிட்ட. வார இறுதி அம்மாவுக்குன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. மிச்சம் என்ன இருக்கு, சொல்லுங்க?"

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை. அவ்வளவுதான் மிஞ்சியது. தலைப்பாகையைக் காப்பாற்றப் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜெயித்தவள் முகமாக அது இல்லை.

"பழைய ஏற்பாட்டுக்கே போயிடலாமா? நீ முதல்ல எழுதினியே, அதுக்கு?" என்று கேட்டேன். வெட்கத்தை எல்லாம் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே தொலைத்திருந்தேன்.

"அன்னைக்கு மனசாரத்தான் எழுதினேன். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லியிருந்தா போதும்." கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தாள். "இப்பத்தான் அவ அங்க ஒழுங்காத் தூங்குறா. மறுபடியும் அவளை ரயில்ல ஏத்தி இறக்க என்னால முடியாது. எனக்கும் தெம்பு இல்லை."

அவள் சொன்னது நியாயம். நியாயம் என்பதால்தான் அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் லீவு போட்டேன். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அவசரக்குடுக்கையின் நிரலைத் திறந்தேன். காய்கள் வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும்போது எண்ணுவதை நிறுத்தாதே. அமளி அடங்கும் வரை இன்னும் கொஞ்ச தூரம் பார். அதற்குப் பிறகு முடிவெடு. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பதினோரு வரி. ஒரு மத்தியானத்தில் முடிந்தது. ஒன்றரை வருஷமாகச் சிரித்துக்கொண்டே பார்த்த தப்பு, சரிசெய்ய ஒரு மத்தியானம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

தீர்ப்புக்குப் பிறகு வந்த மூன்றாவது இரண்டாம் சனிக்கிழமை. மகளுக்கு இப்போது பத்து வயது ஆகப்போகிறது. வளர்ந்திருந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொட்டது. சாப்பிட்டோம், பேசினோம், பேச்சு தீர்ந்துபோனதும் எஞ்சினைத் திறந்தோம். குளிர்பதனப் பெட்டியின் கதவில் கோடு போட்ட தாள் அப்படியே இருந்தது. யாரோ ஒருவன் வந்து மோதினான். பத்து நொடிக்குக் கீழே போனது. மூலையில் மந்திரி மாட்டிக்கொண்டது.

"ஆரம்பிக்கப்போகுது பாருங்க" என்று பேனாவை எடுத்துக்கொண்டு கதவருகில் போய் நின்றாள்.

அவசரக்குடுக்கை மந்திரியைப் போக விட்டது. ஒரு சிப்பாயைக்கூட எறியவில்லை. ராஜாவைப் பத்திரப்படுத்தி, கடைசி ஒரு நொடி வரைக்கும் தம் கட்டி, ஆட்டத்தைச் சமன் செய்தது.

"என்னப்பா ஆச்சு இதுக்கு?"

"சரி பண்ணிட்டேன், குட்டி."

"ஓ" என்றாள். அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பேனாவுக்கு மூடியைத் தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தாள். பழைய பேட்டரிகள், லிஃப்ட் கம்பெனிச் சாவிக்கொத்து, ரப்பர் வளையங்கள். அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, நின்றபடியே படித்தாள். நான் பார்ப்பதற்குள் பாதி படித்துவிட்டாள். அம்மாவின் எழுத்துதான் தெளிவாக இருக்குமே.

முகம் மலர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்பா, வாராவாரம் வெள்ளிக்கிழமைலேர்ந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் அப்பாகூடன்னு அம்மா எழுதியிருக்காங்களே! இது எப்பலேர்ந்து?"

அப்புறம் சொல்கிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"அது முடிஞ்சுபோச்சு, குட்டி. அம்மா முதமுதல்ல எழுதிக் கொடுத்தது. நான் கையெழுத்துப் போடல."

"ஏன்?"

"மூணு நாள் பத்தாதுன்னு நினைச்சேன்."

அவள் அழவில்லை. விரல் விட்டு எதையோ எண்ணினாள், உதடு அசைந்தது, பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, பேட்டரிகளுக்கு அடியில் வைத்து, இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடினாள். கதவில் இருந்த கோடுகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள். என்ன பேசினாலும் அது சமாதானமாகத்தான் இருந்திருக்கும்.

ஐந்து மணிக்கு வாசல் மணி அடித்தது. என் மனைவி நேரம் தவற மாட்டாள்.

"இன்னும் ஒரு பத்து நிமிஷம் அம்மாகிட்ட கேட்கட்டுமா?" என்றேன்.

மகள் சட்டென்று எழுந்து ஷூவைத் தேடினாள்.

"வேண்டாம்ப்பா. அதுக்குப் பதிலா எதையாவது குடுக்க வேண்டி வரும்."

குனிந்து, நாடாவை அவளே கட்டிக்கொண்டாள்.