பெயர்ப்பலகையின் நிழல்

ஒரு காலத்தில் டோர்ச்சுக்கு இரண்டு பற்றரி வாங்கிக்கொண்டு வாவியைக் கடந்தாலே குண்டுக்கோ என்று சோதனைச்சாவடியில் இறக்கி நிறுத்திவிடுவார்கள். யுத்தம் முடிந்த மறுவருசம் தை மாதம், இரண்டு பேர் ஒரு பெரிய பற்றரியைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிவந்து புஸ்பத்தின் கிணற்றடியில் வைத்தார்கள். கிணற்றில் பம்ப்பை இறக்கி, பக்கத்தில் சோலார் தகட்டையும் சீமெந்து போட்டு நட்டார்கள்.

“வெயில் தண்ணி இறைக்கும் அக்கா. மிச்ச வெயில் பற்றரியில கிடக்கும்,” என்றான் உதவி நிறுவனத்தின் கள உத்தியோகத்தன் திவாகரன்.

அப்படியே நடந்தது. மழை விட்டு, வாவியின் மேற்குப் பக்கத்துப் படுவான்கரை மணல் காயத் தொடங்கிய பிறகும் மிளகாய்க் கன்றுகள் தளதளவென்று நின்றன. சுனாமியில் கல்குடாவில் வீட்டையும் தோணியையும் இழந்து, பிறகு சண்டையில் இந்தக் காணியையும் விட்டோடித் திரும்பியவள் புஸ்பம். நட்ட ஒன்றைத் தானே ஆய்ந்து விற்கப்போகிறோம் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

மாசியில் பெயர்ப்பலகை வந்தது.

பலகைகள் அவளுக்குப் புதிதல்ல. சுனாமி முகாமில் ஒரு கழிப்பறைக்கு மூன்று பலகைகள் இருந்தன. கட்டியவருக்கு ஒன்று, தொட்டி தந்தவருக்கு ஒன்று, கதவு போட்டவருக்கு ஒன்று. ஆனால் இந்தப் பலகை அந்தக் கதவையும்விடப் பெரிது. றோட்டைப் பார்த்தபடி, தகட்டை ஒட்டி அதற்கு நேர் தெற்கே, இரண்டு இரும்புக் கால்களில் நின்றது. மேலே கொடிகள், நடுவில் நிறுவனங்களின் பெயர்கள். ஆக அடியில், குனிந்தால்தான் தெரியும், “பயனாளி: புஸ்பம்”.

வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து விழும் காலம். பலகையின் நிழல் காலையிலிருந்து பின்னேரம் வரை தகட்டின்மேல் படுத்துக் கிடந்தது. பம்ப் இருமியது. பற்றரி வற்றியது. பூவும் பிஞ்சுமாய் நின்ற கன்றுகள் தலை தொங்கின. புஸ்பம் வாளியால் அள்ளி ஊற்றினாள். மணலுக்கு அது நாக்கு நனையவும் போதவில்லை.

“பேரை நட்டிருக்கானுகள். அது மட்டும் நல்லா வளருது,” என்றான் அவள் கணவன் சீனித்தம்பி.

திவாகரன் வந்து பற்றரியைப் பார்த்தான்.

“பற்றரியில ரீவி பாத்தீங்களா அக்கா?”

“ரீவியா? வீட்டுக்குக் கதவே இல்ல தம்பி.”

“அப்ப ஊராக்கள் போன் சார்ஜ் பண்ண வாறாக்களா? சரியாப் பாவிக்காட்டிக் கழட்டி வேற ஊருக்குக் குடுத்திருவாங்க. நான் சொல்லல்ல, மேலிடத்தில சொல்றாங்க.”

புஸ்பத்துக்குக் காது சுட்டது. சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அவனைக் கூட்டிப்போய் நிழலைக் காட்டினாள். அவன் நிழலைப் பார்த்தான். பலகையை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் அவன் அசையாமல் நின்றதுதான் அவளுக்கு இன்னும் பற்றி எரிந்தது.

“பலகைய அசைக்க ஏலாதக்கா. கொழும்பில கேக்கணும். காசு தந்த வெள்ளைக்காரர் வந்து பாத்திட்டுப் போகட்டும், மறுகா பாப்பம்.”

“மறுகா பாக்கிறதுக்குக் கொச்சிக்காய் இருக்கணுமே?”

அவள் மிளகாய்க் கன்றுகளைக் காட்டியபோது அவன் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டான்.

வெள்ளைக்காரர் வருகிற அன்று காலை, திவாகரன் மோட்டார் சைக்கிளில் ஒரு மண்ணெண்ணெய் பம்ப்பைக் கட்டிக்கொண்டு வந்தான். கிணற்றுக்குப் பின்னாலிருந்த புதர்ப் பற்றைக்குள் அதை மறைத்து வைத்து, அதன் குழாயைச் சோலார் குழாயோடு பொருத்தினான்.

“சத்தம் கேக்காதா?” என்றான் சீனித்தம்பி.

“பக்கத்துத் தோட்டத்து மெசினெண்டு சொல்லுவன். அக்கா, நீங்க குழாயைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாப் போதும். இன்னும் ஆறு குடும்பத்துக்குத் தகடு வரக் கிடக்கு. கெடுத்திராதீங்க.”

அந்த ஆறு குடும்பங்களையும் நினைத்துப் புஸ்பம் வாயை மூடிக்கொண்டாள்.

வாகனங்கள் வந்தன. பற்றைக்குள் பம்ப் படபடத்தது. தண்ணீர் பாய்ந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். புஸ்பம் குழாயைப் பிடித்தாள். சிரிப்பு வரவில்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி குனிந்து, வாடிச் சுருண்ட கன்றொன்றைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டாள். திவாகரன் சட்டென்று பதில் சொன்னான்.

“என்ன கேக்கிறாங்க?”

“ஏன் வாடிக் கிடக்கெண்டு. இஞ்ச வெயில் கூடவெண்டு சொல்லிட்டன்.”

“வெயில் கூடவா?”

அவள் குழாயைக் கீழே போட்டாள். பற்றைக்குள் புகுந்து பம்ப்பை நிறுத்தினாள். குழாய் வாயில் தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. கைதட்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். புஸ்பம் கூர் இரும்பு அலவாங்கை எடுத்துப்போய்ப் பலகையின் காலடி மணலில் குத்தத் தொடங்கினாள்.

“அக்கா! பைத்தியமா உங்களுக்கு?”

“வெயில் கூடவெண்டு சொன்ன வாயால, அந்த வெயில் எங்க விழுதெண்டும் சொல்லுங்க தம்பி. அவக்கு விளங்கச் சொல்லுங்க.”

வெள்ளைக்காரப் பெண் திவாகரனைப் பார்த்தாள். அவன் குனிந்து கீழே கிடந்த குழாயை எடுத்தான். சீனித்தம்பி போய் மற்றக் காலைப் பிடித்து ஆட்டினான். பலகை றோட்டுப் பக்கமாக முகங்குப்புற விழுந்தது. ஓர் ஓரம் மிச்சமில்லாமல் தகடு முழுக்க வெயில் பரவியது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

“கழட்டிக்கொண்டு போயிருவாங்கக்கா,” என்றான் திவாகரன்.

“கழட்டுறதெண்டாப் பின்னேரம் வரச் சொல்லுங்க,” என்றாள் புஸ்பம் மூச்சு வாங்க. “இப்ப தண்ணி விடுற நேரம்.”