மிரளிக்குச் சொன்னது

அந்தக் குதிரை செம்பழுப்பா, கறுப்பா என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. மழையில் நனைந்து கறுப்பாகத் தெரிந்திருக்கலாம். மிரளி என்று கூப்பிட்டார்கள்; அது மட்டும் நிச்சயம்.

ஆள் நெருங்கினால் சுவரில் போய் மோதிக்கொள்ளும். குளம்பைத் தொட விடாது. லாடம் அடிக்க வந்தவர் உதை வாங்காமல் தப்பியதே பெரும்பாடு.

"அடுத்த தடவையும் கால் தரலைன்னா கசாப்புக்காரனுக்குத்தான்," என்று சொல்லிவிட்டார் முதலாளி.

லாயம் கூட்டுகிற அக்காவின் காதிலும் அது விழுந்தது. மிரளியைப் பயமுறுத்தக் கூடாதென்று அங்கே எல்லோரும் வெறுங்காலோடு நடந்தார்கள். வாளியின் பிடியில் சத்தம் வராமல் துணி சுற்றியிருந்தார்கள். அதில் அக்கா எல்லோரையும் மிஞ்சியவள். புருஷன் விட்டுப்போன பிறகு அவள் வீட்டில் பேச்சே கிடையாது. பூனை மாதிரி நடந்து பழகிவிட்டாள். ஆனால் அவள் கிட்டே போனால்தான் குதிரை அதிகம் துள்ளியது. இதற்கும் தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் சளி பிடித்து, வழியெல்லாம் இருமிக்கொண்டே போனாள். மிரளி காதை மட்டும் அவள் பக்கம் திருப்பியது. நின்ற இடத்திலேயே நின்றது.

அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. சத்தமில்லாமல் வருகிறவர்களைக் கண்டுதான் அது பயப்படுகிறது.

வாளித் துணியை அவிழ்த்து எறிந்தாள். இனிப் பேச வேண்டும். எதைப் பேசுவது? "நான்தாண்டி வரேன். தண்ணி வைக்கிறேன்," என்று தொடங்கினாள். அது தீர்ந்ததும் ஒழுகும் குழாய், மாடிவீட்டுத் தையல் மிஷின், முதலாளியின் குறட்டை என்று போனது.

லாடக்காரர் வந்தபோது வாசலிலேயே சிரித்தார். "என்னக்கா, குதிரைகிட்ட ஊர்வம்பா? எங்க வீட்டுக்காரி தோத்தா போங்க!"

"கிண்டல் அப்புறம் தம்பி. நீங்களும் ஏதாவது சொல்லிக்கிட்டே வாங்க."

அவர் குரல் கொடுத்தபடியே வந்து முன்னங்காலைத் தூக்கினார். மிரளி நடுங்கியது, உதைக்கவில்லை.

"பேச்ச நிறுத்திடாதீங்கக்கா!"

கடைசிக் காலுக்கு வரும்போது அக்காவிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. குதிரையின் தோல் சிலிர்த்தது.

"சாயங்காலம் கதவத் தெறந்ததும், வந்துட்டேன்னு சொல்ல வாய் வருதுடி," என்றாள். "அப்புறம்தான் யாரும் இல்லைங்கிறது உறைக்குது. அப்படியே முழுங்கிடறேன்."

லாடக்காரர் தலை நிமிரவில்லை. சுத்தியல் மட்டும் கொஞ்சம் மெதுவாக விழுந்தது.

மிரளி கசாப்புக்குப் போகவில்லை. அது பழகிவிட்டதென்று தெரிந்ததும் முதலாளி அதைப் பிள்ளைகள் சவாரி கற்கும் இடத்துக்கு விற்றுவிட்டார். அங்கே நன்றாக இருந்ததாகக் கேள்வி. லாடக்காரர் இன்னும் வந்துபோகிறார். அக்கா அதே லாயத்தில்தான் கூட்டுகிறாள். பிறகு வந்த குதிரைகள் சாதுவானவை. அவற்றோடு அவள் பேசுவதில்லை.