ஊர்ப்பெயர் இருந்த இடம்

டோன்யா ஹெர்மெலிந்தா குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்து, "அந்த மெஷின் எது?" என்று கேட்டாள். பல்மிரா சமையலறை மூலையைக் காட்டினாள். பாத்திர அலமாரியின் கீழ்த்தட்டில், செங்கல்லின் மேல், மூடி கழற்றிய பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று இருந்தது. அதன் விசிறி இடைவிடாமல் முனகிக்கொண்டிருந்தது. ஹலாப்பா நகரத்தின் ஓயாத தூறல் சுவருக்குள்ளும் இறங்கிவிடும் என்பதால் பின்னால் ஒரு பழைய போர்வையை மடித்துச் செருகியிருந்தார்கள். அந்த அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? என் பொண்ணு இதுக்குள்ளயா எழுதினா?"

அடுப்பின் பக்கம் நின்றிருந்த செலேனே, யார் வந்தாலும் சொல்கிற வேடிக்கையை இவளிடமும் சொல்ல வாயெடுத்தாள். அந்த இயந்திரத்துக்கு அவர்கள் கொமாத்ரே என்று பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தோழியைக் கூப்பிடுகிற முறை அது. 'எல்லார் கதையும் கேப்பா, எதையும் மனசுல வச்சுக்க மாட்டா. இப்படி ஒரு கொமாத்ரே உங்க தெருவுல உண்டா?' என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அன்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டு காப்பிப் பானையை இறக்கினாள்.

எல்லோரும் மரியாதையாக டோன்யா என்று கூப்பிடும் ஹெர்மெலிந்தா சந்தையில் கோழி விற்பவள். வெள்ளிக்கிழமை மாலைகளில் பக்கத்துக் கடைக்காரி தன் போனில், பல்மிராவும் செலேனேயும் இந்தச் சமையலறையிலிருந்து நடத்தும் இணைய வானொலியை வைப்பது வழக்கம். பெண்கள் பெயரில்லாமல் எழுதி அனுப்புவதைச் செலேனே வாசிப்பாள். அடித்த கணவன், மிரட்டுகிற முதலாளி, கருவைக் கலைக்க அலைந்த நாட்கள். கோழியை வெட்டிக்கொண்டே அரைக்காதில் கேட்பவளுக்கு ஒரு வெள்ளியன்று கத்தி நின்றுவிட்டது. வானொலியில் செலேனே வாசித்தாள்: "அம்மா கேட்டுக்கிட்டிருந்தா, ஜெனரலுக்கு வெல்லம் குடுக்க வேணாம்னு சொல்லுங்க. அதுக்குப் பல்லே இல்ல." ஜெனரல் அவர்கள் வீட்டு ஒற்றைக்கண் நாய். மகள் அனாஹி காணாமல் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கியிருந்தது. அரசாங்க அலுவலகத்தில் புகார் எழுதிக்கொண்டவன், எவனோடாவது போயிருப்பாள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவாள் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

"எங்கேருந்து அனுப்பினா? அத மட்டும் சொல்லுங்க கண்ணு. நான் போய்க்கிறேன். உங்க பேர எங்கேயும் சொல்ல மாட்டேன்."

பெண்கள் எழுதி அனுப்பும் இணையப் பக்கத்தின் தலைப்பில் தானே போட்ட வரி பல்மிராவின் நினைவில் ஓடியது: நீ எங்கிருந்து எழுதுகிறாய் என்பதை எங்களாலும் கண்டுபிடிக்க முடியாது. அது சும்மா போட்ட வரி அல்ல. வேறொரு மாநிலத்தில் இதேபோல் ஒரு தளத்தை நடத்தியவர்கள் யார் எங்கிருந்து எழுதினார்கள் என்கிற பதிவுகளை அழிக்காமல் விட்டார்கள். இயந்திரம் பறிபோனது; பதிவுகள் வெளியே கசிந்தன. மாற்றாந்தகப்பனைப் பற்றி எழுதிய பெண்ணின் வீட்டுக் கதவை அந்த மாற்றாந்தகப்பனே வந்து தட்டினான். அவளுடைய சவ அடக்கத்துக்குப் பல்மிரா போயிருந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து எழுதிய நிரல்தான் கொமாத்ரேயில் இன்றும் ஓடுகிறது. யார், எங்கிருந்து, எப்போது என்று எதையும் அது எழுதிக்கொள்ளாது. செய்தி வாசிக்கப்பட்டதும் மூலத்தையும் அழித்து, அது இருந்த இடத்தின் மேல் பூஜ்யங்களை நிரப்பும். பிறகு அந்தப் பூஜ்யங்களின் மேலும் எதையாவது நிரப்பும். எந்த அரசாங்கமும் திரும்ப எடுக்க முடியாத அளவுக்கு நன்றாக எழுதப்பட்ட நிரல் அது. அதைப் பற்றி அவளுக்குப் பெருமை இருந்தது.

வாசிப்பதற்கு முன் இன்னொரு வேலையும் உண்டு. அதைக் கழுவுதல் என்பார்கள். ஆள் பெயர், ஊர்ப்பெயர், தெரு, பள்ளிக்கூடம், எழுதியவளைக் காட்டிக்கொடுக்கும் எதுவானாலும் எடுத்துவிட வேண்டும். எடுத்த இடத்தில் வேறு பெயர் போடுவதில்லை. பொய் சொல்லக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. வாசிப்பவள் அங்கே ஒரு மூச்சு இழுத்துவிட்டு மேலே போவாள். போன வருடம் வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றில் இந்த மூச்சுகளை மட்டும் வெட்டி ஒட்டி, இருட்டறையில் ஒலிக்கவிட்டார்கள். வந்தவர்கள் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார்கள். வெளியே வந்து இருவரையும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

ஜெனரலைப் பற்றிய அந்தச் செய்தியைக் கழுவியவள் செலேனே; நாயின் பெயர் யாரைக் காட்டிக்கொடுக்கும் என்று அதை மட்டும் விட்டிருந்தாள்.

"அதுல ஊர்ப்பேர் இருந்துச்சு," என்றாள் அவள். கையிலிருந்த குவளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். "நான் நல்லாருக்கேன், இந்த ஊர்ல இருக்கேன், ஒரு வீட்ல வேல, வெளிய விடமாட்டாங்கன்னு எழுதியிருந்தா. பேர நான்தான் எடுத்தேன்."

"என்ன பேரு?"

"ஏதோ ஒரு புனிதர் பேர்ல ஆரம்பிக்கும்."

"பாதி மாநிலமே புனிதருங்க பேர்லதான இருக்கு பொண்ணே."

"அந்த வாரம் நெறைய வந்துச்சு டோன்யா. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஊரு. அவ உதவின்னு ஒரு வார்த்த எழுதல. எழுதியிருந்தா நான்..."

"எழுத மாட்டா. சின்னதுல கால்ல ஆணி ஏறினப்பக்கூட நொண்டிக்கிட்டே வீடு வந்து சேர்ந்தா. யார்கிட்டயும் கேக்க மாட்டா." டோன்யா ஹெர்மெலிந்தா அதைக் குறையாகச் சொன்னாளா, பெருமையாகச் சொன்னாளா என்று பல்மிராவுக்குப் புரியவில்லை.

அன்று பல்மிரா ஒரு காரியம் செய்தாள். அழிந்த கோப்புகளைத் தேடுகிற நிரல் ஒன்றை ஓடவிட்டாள். எதுவும் கிடைக்காது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. ஆனால் அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். கறுப்புத் திரையில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறிப் போய்க்கொண்டிருந்தன.

"தேடுதா?"

"தேடுது."

மறுநாளும் வந்தாள். துணியில் சுற்றிய சோள அடைகளும் ஒரு பொட்டலம் கோழி ஈரலும் கொண்டுவந்து அடுப்பின் பக்கம் வைத்தாள். வரிகள் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதா கோவிலில் முன்வரிசையில் உட்கார்பவர்களிடம் அந்தப் பார்வையைப் பல்மிரா பார்த்திருக்கிறாள். சொல்லிவிட வேண்டும் என்று அருகே போவாள். விசிறிச் சத்தம் கேட்கும். சொல்லாமல் பாத்திரம் கழுவப் போவாள்.

செலேனேதான் பின்கட்டில் அவளைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குடி இந்த நாடகம்? இன்னும் எத்தன நாளு ஓடவிடப்போற?"

"நீயே போய் நிறுத்து."

"நிரல் எழுதினது நீ."

"பேர எடுத்தது நீ."

தூறல் கொடியில் கிடந்த துணிகளை மறுபடி நனைத்துக்கொண்டிருந்தது; யாரும் எடுக்கப் போகவில்லை. பழையபடி பதிவுகளை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல்மிரா யோசித்துப் பார்த்தாள். இந்த ஒரு பெண் கிடைத்திருப்பாள். அந்தப் பதிவுகளாலேயே எத்தனை பேர் வீட்டுக் கதவு தட்டப்பட்டிருக்கும்? கணக்கு சரியாகத்தான் வந்தது, ஒவ்வொரு முறையும். சமையலறையில் உட்கார்ந்திருந்தவளிடம் போய்ச் சொல்லக்கூடிய கணக்காக மட்டும் அது இல்லை.

உள்ளே போய் நிரலை நிறுத்தினாள். வரிகள் நின்றன.

"கெடச்சிடுச்சா?"

"இல்ல டோன்யா. கெடைக்காது. மொதல்லயே தெரியும். திரும்ப எடுக்க முடியாத மாதிரிதான் நான் அத எழுதினேன்."

டோன்யா ஹெர்மெலிந்தா கோபப்படவில்லை. திட்டுவாள் என்று பல்மிரா காத்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. அந்த அம்மாள் செலேனேயைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பேருந்து நிலையத்தின் பலகைகளைப் பார்த்து மனப்பாடம் செய்துவந்த ஊர்களை, சான், சாந்தா என்று புனிதர் பட்டத்தில் தொடங்குபவற்றை, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். சான் அந்திரேஸ். சாந்தா ரோசா. சான் ரஃபயேல். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். முதலில் தலையசைத்து மறுத்துக்கொண்டிருந்த செலேனே, பிறகு ஒவ்வொரு பெயருக்கும் இருக்கலாம் என்றாள். கடைசியில் முகத்தை மூடிக்கொண்டு, "எல்லாமே அதுமாதிரிதான் கேக்குது டோன்யா, இனிமே சொல்லாதீங்க" என்றாள்.

"சரி கண்ணு. விடு." டோன்யா ஹெர்மெலிந்தா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீ அன்னிக்கு வாசிச்சது இருக்கா? அதையும் அழிச்சிட்டீங்களா?"

அது இருந்தது. ஒலிபரப்பியதை அவர்கள் அழிப்பதில்லை. பல்மிரா அதை அவளுடைய போனில் ஏற்றி, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. புதிய செய்திகள் வந்து கிடந்தன. செலேனே திரையின் முன் உட்கார்ந்தாள். முதல் செய்தியின் இரண்டாம் வரியிலேயே ஒரு ஊர்ப்பெயர் இருந்தது. அதன்மேல் கையை வைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பல்மிரா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எடு என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை.

சந்தைக்கு முட்டை வாங்கப் போனபோது பல்மிரா கோழிக்கடையைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். கத்தி பலகையில் குத்தி நின்றது. டோன்யா ஹெர்மெலிந்தா கண்ணை மூடி, ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மறுகாதில் போனை அழுத்தியிருந்தாள். நெருங்கிப் போனதும், 'நான் நல்லாருக்கேன்' என்கிற செலேனேயின் குரல் இரைச்சலுக்கிடையே மெலிதாகக் கேட்டது. அடுத்து, ஊர்ப்பெயர் இருந்த இடத்தில், அந்த மூச்சு வந்தது. அந்த அம்மாள் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளினாள். மறுபடி மூச்சு. எதிரில் நின்ற பெண் தொடைக்கறி என்ன விலை என்று கேட்டாள். பதில் வராமல் இன்னொரு முறை கேட்டாள். டோன்யா ஹெர்மெலிந்தா கண்ணைத் திறக்காமலே, கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினாள்.